நிரல்மொழி ஒன்றின் அதிகாரப்பூர்வ இணையதளத்தை மறுவடிவமைக்க முன்வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் திறமூல நிரல்மொழியின் அதிகாரப்பூர்வ இணையதளம் பழைய தோற்றத்திலேயே நின்றுவிட்டது. கைப்பேசியில் திறந்தால் நிரல் வரிகள் ஓரத்தில் வெட்டுப்படுகின்றன. புதிதாக வருபவர் தரவிறக்கும் இடத்தைத் தேடி அலைகிறார். இதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல், "நானே சீரமைத்துத் தருகிறேன்" என்று சொல்ல நினைக்கிறீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு சிறிய நிரல்மொழிச் சமூகத்தில் இப்படித்தான் கையை உயர்த்தினேன். ஆறு வாரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்கிட்ட வேலை பதினான்கு மாதங்களை எடுத்துக்கொண்டது. அதில் வடிவமைப்புக்கும் நிரல் எழுதுவதற்கும் ஆனவை ஏழு வாரங்கள் மட்டுமே. மீதிக் காலம் முழுவதும் ஒப்புதல் பெறுவதிலும், உரிமங்களைச் சரிபார்ப்பதிலும், பழைய முகவரிகளைக் காப்பாற்றுவதிலும் கழிந்தது. அந்தப் பதினான்கு மாதங்களில் குறைந்தது பாதியையாவது நீங்கள் மிச்சப்படுத்த வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்கும்போதே ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நிரல்மொழியின் இணையதளம் பார்ப்பதற்கு மட்டும் உரியதன்று. ஆயிரக்கணக்கான பாடக்குறிப்புகளும், நிறுவல் நிரல்களும், பழைய கம்பைலர்களின் (எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றும் கருவிகளின்) பிழைச் செய்திகளும் அதைச் சுட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றை உடைக்காமல் தோற்றத்தை மாற்றுவதுதான் நீங்கள் ஏற்கப்போகும் பொறுப்பு.

1. வரையத் தொடங்கும் முன் எழுத்து வடிவில் ஒப்புதல் பெறுங்கள்

நான் செய்த முதல் தவறு இதுவே. யாரையும் கேட்காமல் நாள்கணக்கில் உழைத்து, ஏழு பக்கங்களுக்கு முழுமையான மாதிரி வரைந்து கொண்டுபோய்க் காட்டினேன். யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் ஒருவர் நிறத்தைப் பற்றிப் பேசினார், இன்னொருவர் இலச்சினையை மாற்றக் கூடாது என்றார், மூன்றாமவர் இணையதளத்தை மாற்ற வேண்டிய தேவையே இல்லை என்றார். எதைத் தீர்க்கப் போகிறோம் என்று முடிவெடுக்காத நிலையில் படத்தைக் காட்டினால், பேச்சு படத்தைப் பற்றியே நடக்கும். அந்த ஏழு பக்கங்களில் ஒன்றுகூட இறுதி வடிவத்தில் இடம்பெறவில்லை.

ஆகவே முதலில் இரண்டு பக்க அளவில் ஒரு முன்மொழிவு எழுதுங்கள். இன்றைய தளத்தில் யார் எதைச் செய்ய முடியாமல் தவிக்கிறார்கள், எந்தப் பகுதிகளைத் தொடப்போகிறீர்கள், எவற்றைத் தொடமாட்டீர்கள், கருத்து சொல்ல எத்தனை நாள், இறுதி முடிவெடுப்பவர்கள் யார் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். இவற்றில் கடைசியை விட்டுவிடாதீர்கள். முடிவெடுக்க மூன்று பேரைப் பெயர் குறிப்பிட்டு நியமிக்கும்படி மையக் குழுவிடம் கேளுங்கள். அனைவரும் ஒத்துக்கொள்ளும் வரை காத்திருப்பது என்ற ஏற்பாட்டில் எந்த முகப்புப் பக்கமும் வெளிவராது. மொழியில் மாற்றங்களை முன்மொழியப் பைத்தான் மொழியில் பெப், ரஸ்ட் மொழியில் ஆர்எஃப்சி என்று முறைப்படியான ஆவணங்கள் இருக்கின்றன. உங்கள் சமூகத்திலும் அப்படியொரு வழக்கம் இருந்தால் அதே வடிவத்தைப் பின்பற்றுங்கள். மூத்தவர்கள் பழகிய பாதையில் எளிதாகப் படிப்பார்கள்.

பெரிய சமூகங்களுக்கும் இதற்குக் காலம் பிடிக்கிறது. பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை தன் இணையதளத்தைப் புதுப்பிக்க 2012-இல் முறைப்படி ஒப்பந்த முன்மொழிவுகளைக் கோரியது. புதிய தளம் 2014 மார்ச்சில் வெளியானது. ஊதியம் பெற்ற வடிவமைப்புக் குழு இருந்தும் நிலைமை அதுதான். தன்னார்வலரான நீங்கள் ஒப்புதலுக்கு மட்டும் இரண்டு மாதம் ஒதுக்குங்கள். இணையவழிக் கூட்டங்களுக்கு 16:00 யூடிசி (உலகப் பொது நேரம்) ஏற்ற நேரமாக இருந்தது: நமக்கு இரவு ஒன்பதரை, ஐரோப்பாவில் மாலை, அமெரிக்க மேற்குக் கரையில் காலை. கூட்டத்தில் எடுத்த முடிவுகளை அன்றிரவே எழுதிப் பதிந்துவிடுங்கள். மறுவாரம் வருபவருக்கு அந்தக் குறிப்பைத் தவிர வேறு சான்று இருக்காது.

2. சாவிகள் யார் கையில் இருக்கின்றன என்று கண்டறியுங்கள்

ஒப்புதல் கிடைத்ததும் ஒரு பட்டியல் தயாரியுங்கள். தளத்தின் முகவரிப் பெயரான டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, எப்போது காலாவதியாகிறது, அந்தப் பெயரை உரிய சர்வரோடு இணைக்கும் டிஎன்எஸ் அமைப்புகளை யார் மாற்ற முடியும், சர்வருக்குள் நுழையும் உரிமை யாருக்கு, தரவிறக்கக் கோப்புகள் எங்கே இருக்கின்றன, இலச்சினையின் மூலக்கோப்பு யாரிடம் என்பனவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். எங்கள் சமூகத்தில் டொமைன், மொழியை உருவாக்கியவரின் பழைய நண்பர் ஒருவருடைய தனிப்பட்ட கணக்கில் இருந்தது. அவர் நிரலெழுதுவதை விட்டே பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரைத் தேடிப் பிடித்து, கணக்கை மீட்டு, சமூகத்தின் பெயருக்கு மாற்ற ஒன்பது வாரங்கள் ஆயின.

இதை வெறும் நிர்வாக வேலை என்று தள்ளிப்போடாதீர்கள். 2021 ஜனவரி இறுதியில் பெர்ல் மொழிச் சமூகத்தின் பெர்ல்.காம் டொமைன் கடத்தப்பட்டுச் சில நாள்கள் வேறொருவர் கட்டுப்பாட்டில் இருந்தது; பிறகே மீட்கப்பட்டது. நிரல்மொழியின் டொமைனிலிருந்து மக்கள் கம்பைலரை இறக்கித் தங்கள் கணினியில் இயக்குகிறார்கள் என்பதை நினைத்தால் ஆபத்தின் அளவு விளங்கும். இரண்டு பேருக்காவது உரிமை இருக்கட்டும். இருவருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம் இருக்கட்டும். டொமைனை வேறிடத்துக்கு மாற்றாமல் காக்கும் மாற்றுத் தடையை, அதைப் பதிவுசெய்து தரும் நிறுவனமான பதிவாளரின் தளத்தில் இயக்கி வையுங்கள். ஒரு பதிவாளரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றினால் பொதுவாக அடுத்த 60 நாள்களுக்கு மறுபடி மாற்ற இயலாது. ஆகவே இந்த வேலையை வெளியீட்டுக்கு அருகில் வைத்துக்கொள்ளாமல் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள்.

3. உரிம ஆவணங்கள்

பழைய தளத்தின் வாசகங்களை எடுத்துப் புதிய தளத்தில் வைக்கப்போகிறீர்கள். அவற்றை எழுதியவர்கள் எந்த உரிமத்தின்கீழ் எழுதினார்கள்? கம்பைலரின் மூலநிரலுக்கு உரிமக் கோப்பு இருந்தால் அது இணையதள வாசகங்களுக்கும் பொருந்தும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு களஞ்சியங்களில் இருந்தால் பெரும்பாலும் பொருந்தாது. மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் வரலாற்றிலிருந்து பங்களிப்பாளர் பட்டியலை எடுத்து, நிரலுக்கு எம்ஐடி உரிமம், வாசகத்துக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பதுபோல் ஒரு தெளிவான ஏற்பாட்டை முன்வைத்து, ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேளுங்கள். பதில் வராதவர்கள் எழுதிய பத்திகளை மட்டும் புதிதாக எழுதுங்கள். ஒரு மாதம் காத்திருப்பது போதும்.

இலச்சினை தனி விஷயம். அது பதிப்புரிமையோடு வணிகக்குறிச் சட்டத்துக்குள்ளும் வரும். பைத்தானின் பெயரையும் இலச்சினையையும் பயன்படுத்துவதற்குப் பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை தனிக் கொள்கை வைத்திருக்கிறது. ரஸ்டின் வணிகக்குறிகளை ரஸ்ட் அறக்கட்டளை பேணுகிறது. இலச்சினையின் நிறத்தைச் சற்றே அடர்த்தியாக்குவதற்குக்கூட எழுதிக் கேட்டு அனுமதி பெறுங்கள்.

4. பழைய முகவரிகளை எண்ணுங்கள், பிறகு காப்பாற்றுங்கள்

எல்லாப் படிகளிலும் இதற்கே அதிக நேரம் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

புதிய தளத்தின் பக்க அமைப்பைத் திட்டமிடும் முன், பழைய தளத்தின் எல்லா முகவரிகளையும் ஒரு அட்டவணையில் திரட்டுங்கள். தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் தளவரைபடக் கோப்பிலிருந்து கிடைப்பவை பாதிதான். சர்வர் பதிவேடுகளில் கடந்த ஓராண்டில் ஒருமுறையாவது கேட்கப்பட்ட முகவரிகள், பழைய பக்கங்களைக் காக்கும் வேபேக் மெஷின் சேமித்து வைத்திருக்கும் முகவரிகள், தேடுபொறியின் நிர்வாகப் பக்கம் காட்டும் முகவரிகள் ஆகிய மூன்றையும் சேர்த்து, மீள வருவனவற்றை நீக்குங்கள். எங்கள் தளவரைபடத்தில் 412 முகவரிகள் இருந்தன; திரட்டி முடித்தபோது 1,900-ஐத் தாண்டியது. அவற்றில் பல, அதற்கும் முந்தைய மறுவடிவமைப்பில் கைவிடப்பட்டு, பிறகும் உலகெங்கும் சுட்டப்பட்டுக்கொண்டிருந்தவை.

பிறகு நீங்கள் நினைத்தே பார்க்காத இடங்களில் தேடுங்கள். கம்பைலரின் மூலநிரலுக்குள் உங்கள் டொமைன் பெயரைத் தேடிப் பாருங்கள். பிழைச் செய்திகளில் "மேலும் அறிய" என்று ஒரு முகவரி பொதிந்திருக்கும். உதவிக் கையேட்டிலும் தொகுப்புகளின் விவரக் கோப்புகளிலும் இருக்கும். இவை வெளியாகி, லினக்ஸ் வழங்கல்களில் பல ஆண்டுகளாகக் குடியிருப்பவை. அங்கே போய் யாரும் திருத்த முடியாது. அந்த முகவரி என்றென்றும் திறந்தாக வேண்டும்.

அட்டவணையில் ஒவ்வொரு முகவரிக்கும் எதிரே மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: அப்படியே இருக்கும், 301 வழிமாற்றம் (நிரந்தரமாக இடம் மாறியது என்று சர்வர் தரும் பதில்) மூலம் இங்கே போகும், உண்மையிலேயே நீங்கிவிட்டது. மூன்றாவதை எழுதும் முன் இருமுறை யோசியுங்கள். பைத்தானின் பெப் ஆவணங்கள் 2022-இல் தனித் துணை டொமைனுக்கு மாறின; ஆனால் பழைய முகவரியை இன்று அழுத்தினாலும் அதே ஆவணம் புதிய இடத்தில் திறக்கிறது. எட்டாம் எண் பெப்பைச் சுட்டும் பாடக்குறிப்புகள் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவற்றை எழுதியவர்கள் யாரும் எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை.

இந்தப் படியில் நான்கு பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, தரவிறக்கக் கோப்புகள். எங்கள் புதிய தளம் வெளியான மறுநாள் காலையில் வந்த புகார் ஒன்றை அப்படியே சொல்கிறேன். ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஐம்பது கணினிகளுக்குக் கம்பைலரை நிறுவும் நிரல் ஓடியது. அது, கட்டளை வரியில் கோப்புகளை இறக்கும் கர்ல் கருவியால் பழைய முகவரியிலிருந்து சுருக்கக் கோப்பை இறக்கும். அந்த முகவரியை நாங்கள் முறைப்படி 301 மூலம் புதிய இடத்துக்கு மாற்றியிருந்தோம். உலாவியில் சோதித்தபோது சரியாகவே வந்தது. ஆனால் கர்ல், தனியாகச் சொன்னாலொழிய, வழிமாற்றத்தைப் பின்தொடர்வதில்லை. ஆகவே "இந்தப் பக்கம் இடம் மாறியது" என்ற சில வரி எச்டிஎம்எல் வாசகத்தையே கம்பைலரின் பெயரில் சேமித்துக்கொண்டது. அடுத்த வரியில் சுருக்கத்தைப் பிரிக்க முயன்ற கருவி, இது சுருக்கக் கோப்பே இல்லை என்று ஐம்பது கணினிகளிலும் நின்றுவிட்டது. அன்று முதல் நான் கடைப்பிடிக்கும் விதி இது: மனிதர் படிக்கும் பக்கங்களுக்கு வழிமாற்றம் போதும், இயந்திரம் இறக்கும் கோப்புகள் பழைய முகவரியிலேயே நேரடியாகக் கிடைக்க வேண்டும்.

இரண்டாவது, பக்கத்துக்குள் இருக்கும் தலைப்புக் குறிகள். முகவரியில் # என்ற எண்குறிக்குப் பின்னால் வரும் பகுதியை உலாவி சர்வருக்கு அனுப்புவதே இல்லை. ஆகவே சர்வரில் எந்த வழிமாற்றம் எழுதினாலும் அந்தப் பகுதியைக் கையாள முடியாது. ஒரு நீண்ட கையேட்டை ஆறு பக்கங்களாகப் பிரித்தால், அதன் நடுப்பகுதியைச் சுட்டிய இணைப்புகள் அனைத்தும் முதல் பக்கத்தின் உச்சியில் போய் நிற்கும். பிரிக்காமல் விடுவதே நல்லது. பிரித்தே ஆக வேண்டுமென்றால், பழைய தலைப்புக் குறியைப் படித்து உரிய பக்கத்துக்கு அனுப்பும் சிறு ஜாவாஸ்கிரிப்ட் துண்டை முதல் பக்கத்தில் வையுங்கள்.

மூன்றாவது, பின்தொடர்பவர்களுக்குப் புதிய செய்திகளைத் தானாகத் தரும் செய்தியோடை. ஒவ்வொரு செய்திக்கும் அதில் ஓர் அடையாளம் உண்டு. புதிய தளத்தை உருவாக்கும் கருவி அதை மாற்றிவிட்டால், ஓடையைப் பின்தொடரும் அனைவருக்கும் பத்தாண்டுச் செய்திகள் மொத்தமும் இன்று வந்தவைபோல் கொட்டும். பழைய அடையாளங்களை அப்படியே எடுத்து வையுங்கள்.

நான்காவது, சோதனைத் தளம். அது தேடுபொறிகளில் வந்துவிடக் கூடாது என்பதற்காகத் தடைக் குறிப்பு வைத்திருப்பீர்கள். அந்தக் குறிப்போடு அப்படியே உண்மைத் தளத்தை வெளியிட்டவர்கள் உண்டு. அதன் விளைவு சில வாரங்களுக்குப் பிறகே, தேடலில் தளம் காணாமல் போகும்போதுதான் தெரியும். வெளியீட்டுச் சரிபார்ப்புப் பட்டியலில் முதல் வரியாக இதை எழுதிக்கொள்ளுங்கள்.

5. முகப்புப் பக்கத்தின் ஒரு வாக்கியமும் ஒரு நிரல் துண்டும்

கருத்து வேற்றுமை அதிகம் எழும் இடம் இது. அதற்கு நியாயமும் இருக்கிறது; அந்த ஒரு வாக்கியமும் சில நிரல் வரிகளும்தான் மொழியைப் பற்றி வெளியுலகம் முதலில் அறிவது.

ரஸ்டின் அனுபவத்தைப் பாருங்கள். அதன் புதிய தளம் 2018 நவம்பர் 29 அன்று சோதனை வடிவில் அறிவிக்கப்பட்டு, டிசம்பர் 6-இல் ரஸ்ட் 2018 பதிப்போடு சேர்ந்து வெளிவந்தது. வேகம், நினைவகப் பாதுகாப்பு, இழைப் பாதுகாப்பு என்று நுட்பமாகப் பேசிய பழைய வாசகம் போய், நம்பகமான, திறன்மிக்க மென்பொருளை உருவாக்க எல்லோருக்கும் வலுவூட்டுவது என்ற பரந்த வாசகம் வந்தது. முகப்பில் இருந்த நிரல் எடுத்துக்காட்டும் நீங்கியது. பழகிய பயனர்கள் பலர் வெளிப்படையாகக் குறைபட்டுக்கொண்டார்கள். என் கருத்தைச் சொன்னால், எல்லோரையும் அழைப்பது என்ற அந்த நோக்கம் சரியானதே. ஆனால் நிரல்மொழியின் முகப்பில் நிரலைத் தேடி வருபவருக்கு நான்கு வரியாவது கண்ணில் பட வேண்டும். கருத்துகளைக் கேட்க ஒரு வாரம் போதாது என்பதும் எனக்கு அதிலிருந்து கிடைத்த பாடம். குறைந்தது ஒரு மாதம் சோதனைத் தளத்தைத் திறந்து வையுங்கள்.

எந்த நிரல் துண்டை வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். ஹாஸ்கெல் மொழியின் தளம் 2015-இல் புதுப்பிக்கப்பட்டபோது முகப்பில் பகா எண்களைச் சலித்தெடுக்கும் சில வரி நிரல் இடம்பெற்றது. அழகும் சுருக்கமும் கொண்ட நிரல்தான். ஆனால் அது ஒவ்வொரு எண்ணையும் முந்தைய பகா எண்களால் வகுத்துப் பார்ப்பது. எரட்டோஸ்தனிஸ் என்ற பண்டைய கிரேக்க அறிஞரின் உண்மையான சல்லடை முறை வேறு விதமாக வேலைசெய்வது. முகப்பில் வைத்த நிரல் சல்லடை ஆகுமா என்ற விவாதம் தளத்தின் மற்றச் சிறப்புகளையெல்லாம் மறைத்துக்கொண்டு நீண்டது. ஆகவே முகப்பு நிரலை மொழியின் மூத்த நிரலாளர் இருவரிடம் காட்டிச் சம்மதம் பெறுங்கள். இன்றைய நிலைப் பதிப்பில் அது பிழையின்றி ஓடுகிறதா என்று ஒவ்வொரு வெளியீட்டிலும் தானாகச் சோதிக்கும் ஏற்பாட்டையும் செய்யுங்கள்.

6. தளத்தை எதில் கட்டுவது

உங்களுக்குப் பிடித்த கருவியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நீங்கள் போன பிறகு பராமரிக்கப்போகிறவருக்கு எது எளிதோ அதைத் தேர்ந்தெடுங்கள். ரூபி மொழியின் தளம் 2013 முதல் ஜெகில் என்ற நிலைப்பக்க உருவாக்கியில், மார்க்டவுன் என்ற எளிய எழுத்துக் கோப்புகளாக இருக்கிறது. எழுத்துப்பிழையைக் கண்டவர் எவரும் கிட்ஹப்பில் புல் ரிக்வெஸ்ட் என்ற திருத்தக் கோரிக்கை அனுப்பித் திருத்தலாம். பைத்தானின் தளம் ஜாங்கோ என்ற இணையச் சட்டகத்தில் எழுதப்பட்டது; பக்கங்கள் தரவுத்தளத்தில் இருக்கின்றன; நிகழ்ச்சிகள், வேலைவாய்ப்புகள் போன்றவற்றைக் கையாள அது உதவுகிறது, ஆனால் ஒரு பக்கத்தைத் திருத்த நிர்வாகக் கணக்கு வேண்டும். சிறிய சமூகத்துக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது முதல் வகையை.

மொழியிலேயே எழுதப்பட்ட கருவியால் தளத்தைக் கட்ட வேண்டும் என்ற விருப்பம் கட்டாயம் எழும். ஓகேமல் மொழியின் தளம் ஓகேமலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பராமரிக்க ஆள்பலம் இருந்தால் அது பெருமைக்குரிய செயல். இல்லாவிட்டால் இரண்டாண்டில் தளத்தின் கருவியையே பழுதுபார்த்துக்கொண்டிருக்க வேண்டிவரும்.

கிட்ஹப்பின் இணையப்பக்கச் சேவையான கிட்ஹப் பேஜஸில் வைப்பதாக இருந்தால் இரண்டை அறிந்துகொள்ளுங்கள். சர்வர் அளவிலான 301 வழிமாற்றங்களை அங்கே நீங்களே எழுத முடியாது. அதற்கான ஜெகில் செருகுநிரல் உருவாக்குவது, உலாவியை வேறு பக்கத்துக்கு அனுப்பும் சிறு எச்டிஎம்எல் பக்கங்களையே. நான்காம் படியில் நூற்றுக்கணக்கான வழிமாற்றங்கள் தேறியிருந்தால் வேறு இடம் பாருங்கள். மேலும், மாதத்துக்கு 100 ஜிபி தரவுப் பரிமாற்றம் என்ற மென்வரம்பு அதற்கு உண்டு. 150 எம்பி அளவுள்ள கம்பைலர் கோப்பை 700 பேர் இறக்கினாலே 105 ஜிபி ஆகிவிடும். கோப்புகளைக் கிட்ஹப் ரிலீசஸ் போன்ற தனி இடத்தில் வைத்துத் தளத்தில் பக்கங்களை மட்டும் வையுங்கள்.

7. மொழிபெயர்ப்பாளர்களை முதல் மாதத்திலேயே அழையுங்கள்

ரஸ்டின் 2018 தளம் வெளியானபோது பழைய தளத்தில் இருந்த மொழிபெயர்ப்புகள் அதில் இல்லை; பழைய தளம் தனி முகவரியில் வைக்கப்பட்டு, மொழிபெயர்ப்பு வசதி பின்னரே சேர்க்கப்பட்டது. எங்கள் சமூகத்திலும் அதே நேர்ந்தது. நான் வாசகங்களை வார்ப்புருக்களுக்குள் நேரடியாக எழுதிவிட்டேன். எட்டு மொழிகளில் ஐந்தாண்டாக உழைத்தவர்களிடம் "கொஞ்ச நாள் பொறுங்கள்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர்களில் மூவர் திரும்பி வரவேயில்லை. அந்த இழப்பு இன்றும் என்னை வருத்துகிறது.

ஆகவே முதல் வார்ப்புருவிலிருந்தே ஒவ்வொரு வாசகத்தையும் தனிக் கோப்பில் வையுங்கள். பொத்தான்களின் அகலத்தை ஆங்கிலச் சொல்லுக்கு ஏற்ப அளக்காதீர்கள். தமிழிலோ ஜெர்மனிலோ அதே சொல் இரு மடங்குகூட நீளக்கூடும். வலமிருந்து இடமாக எழுதும் மொழி ஒன்றிலும் சோதியுங்கள். மூலப் பக்கம் மாறியும் மொழிபெயர்ப்பு மாறாத நிலையில், பக்கத்தின் தலையில் ஒரு சிறு அறிவிப்பு தானாகத் தோன்றும்படி செய்யுங்கள். வாசகங்களை இறுதி செய்த பிறகு மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஆறு வாரம் கொடுங்கள். அவர்களும் தன்னார்வலர்களே.

8. நிறமும் எழுத்துருவும்

உலகளாவிய அணுகல் வழிகாட்டுதலின்படி, சாதாரண அளவிலுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாட்டின் விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். நிரல்மொழித் தளங்களில் இது மீறப்படும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: நிரலுக்குள் வரும் குறிப்புரைகளை மங்கலான சாம்பல் நிறத்தில் காட்டுவது. வெள்ளைப் பின்னணியில் 999999 என்ற நிறக்குறியீடு கொண்ட சாம்பல் நிறத்தின் விகிதம் 3-க்கும் குறைவு. 767676 என்று ஆக்கினால் 4.5-ஐச் சற்றே தாண்டிவிடும். கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. பார்வை மங்கியவருக்கோ படிக்க முடிவதும் முடியாததும் அதில்தான் இருக்கிறது. இருள் தோற்றத்துக்கும் தனியாக அளந்து பாருங்கள்.

எழுத்துருவுக்குத் திறந்த எழுத்துரு உரிமம் உள்ளதையே எடுத்து, உங்கள் சர்வரிலேயே வையுங்கள். கூகுள் சர்வரிலிருந்து எழுத்துருவை ஏற்றி, பார்வையாளரின் ஐபி முகவரி அங்கே போகச் செய்த ஓர் இணையதளத்துக்கு எதிராக 2022 ஜனவரியில் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் 100 யூரோ இழப்பீடு விதித்தது. தொகை சிறியதானாலும், ஐரோப்பாவில் பயனர்கள் இருக்கும் எந்தத் தளமும் அதைக் கவனிக்க வேண்டும். வருகைக் கணக்குக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

9. செலவுகள்

எங்களுக்கு நேரடியாக ஆன செலவு 625 டாலர். டொமைனை ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்க 75, ஓவியருக்கு 250, திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் மூன்று நிரலாளர்கள் தளத்தைச் சோதித்துத் தந்ததற்குத் தலைக்கு 100. இந்தக் கடைசி 300 டாலர்தான் மிகுந்த பயன் தந்தது. தரவிறக்கப் பட்டியலில் இயங்குதளத்தின் பெயரைப் படமாக மட்டும் வைத்திருந்ததால், அவர்களுக்கு ஏழு இணைப்புகளும் "தரவிறக்கு" என்றே ஒலித்தன. ஆறு மாதம் அதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

பாதுகாப்புச் சான்றிதழுக்குச் செலவில்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தருகிறது. ஆனால் அதன் ஆயுள் குறுகியது என்பதால் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு வேலைசெய்கிறதா என்று பாருங்கள். நன்கொடை திரட்ட ஓப்பன் சோர்ஸ் கலெக்டிவ் போன்ற நிதிக்காப்பு அமைப்பை நாடினால் 10 சதவீதம் கழித்துக்கொள்வார்கள். பணம் செலுத்தும் கட்டணமும் உண்டு. அதாவது 625 செலவிட, 700-க்கு மேல் திரட்ட வேண்டும். ஒவ்வொரு தொகைக்கும் பில் வைத்திருங்கள். பில் இல்லாமல் தொகையைத் திரும்பப் பெறுவது கடினம்.

10. வெளியிடும் நாள்

மொழியின் புதிய பதிப்பு வெளியாகும் வாரத்தில் தளத்தை மாற்றாதீர்கள். ரூபியின் புதிய பதிப்பு ஆண்டுதோறும் டிசம்பர் 25-இல் வருகிறது. பைத்தானுடையது அக்டோபரில் வருகிறது. அந்த நாள்களில்தான் தளத்துக்குக் கூட்டம் வரும். சிக்கல் எழுந்தால் அது புதிய பதிப்பாலா புதிய தளத்தாலா என்று பிரித்தறிய முடியாது. பல்கலைக்கழகங்கள் திறக்கும் செப்டம்பரையும் தவிர்த்துவிடுங்கள். செவ்வாயோ புதனோ ஏற்றது. வெள்ளியன்று வெளியிட்டால் சனியன்று பதில் சொல்ல ஆள் இருக்காது.

டிஎன்எஸ் பதிவின் ஆயுளை இரண்டு நாள் முன்பே 86400 நொடியிலிருந்து 300-ஆகக் குறையுங்கள். பழைய ஆயுள் முடியும் வரை உலகெங்கும் உள்ள சர்வர்கள் பழைய மதிப்பையே நினைவில் வைத்திருக்கும் என்பதால், அன்று காலையில் குறைத்துப் பயனில்லை. வெளியிட்டவுடன் நான்காம் படியின் அட்டவணையிலுள்ள எல்லா முகவரிகளையும் ஒரு சிறு நிரலால் ஒவ்வொன்றாகக் கேட்டு, பதில் எண்ணை ஒப்பிடுங்கள். இந்தச் சோதனையைத் தொடர்ந்து ஓடும்படி களஞ்சியத்திலேயே சேர்த்துவிட்டால், ஆறு மாதம் கழித்து யாரோ ஒரு பக்கத்தின் பெயரை மாற்றும்போது அதுவே தடுத்துவிடும்.

11. வெளியான பிறகு மூன்று மாதம்

முதல் இரண்டு வாரங்களுக்குச் சர்வர் பதிவேட்டில் 404 (பக்கம் இல்லை) என்று வரும் முகவரிகளைத் தினமும் பாருங்கள். எங்களுக்கு முதல் நாளில் 61 புதிய முகவரிகள் கிடைத்தன. அவ்வளவு திரட்டியும் தப்பியவை அவை. தோற்றத்தைப் பற்றிய கருத்துகளுக்கு உடனே திருத்தம் செய்யாமல், ஒரு மாதம் சேர்த்துவைத்து மொத்தமாகப் பரிசீலியுங்கள். உடைந்த இணைப்பையும் படிக்க முடியாத எழுத்தையும் மட்டும் அன்றன்றே சரிசெய்யுங்கள்.

பழைய தளத்தைத் தனித் துணை டொமைனில், படிப்பதற்கு மட்டும், குறைந்தது ஓராண்டு வைத்திருங்கள். தேடுபொறித் தடைக் குறிப்பு அங்கேதான் இருக்க வேண்டும். கடைசியாக, இரண்டாம் படியில் தயாரித்த சாவிப் பட்டியலை இன்றைய நிலைக்குத் திருத்தி, தளத்தை உள்ளூரில் ஓட்டுவது எப்படி என்ற ஒரு பக்கக் குறிப்போடு சேர்த்து, உங்களுக்கு அடுத்து வரப்போகும் இருவரிடம் கொடுத்து, உங்கள் உதவியில்லாமல் ஒரு சிறு திருத்தத்தை அவர்களே வெளியிடச் சொல்லுங்கள். எங்களுக்கு அந்த முயற்சி மூன்றாம் முறைதான் வெற்றிபெற்றது. முதல் இரண்டு முறையும் குறிப்பில் நான் எழுத மறந்த படிகளால் அவர்கள் நின்றுபோனார்கள்.